பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர்: எதில் இறங்கி வரலாம், எதில் கூடாது

அக்கா மகன் ஒரு பட்டியலோடு வந்தான். எட்டு கோர் பிராசஸர், தண்ணீர் ஓடும் கூலர், பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினட், அதற்குள் நிறம் மாறும் ஆறு ஃபேன். கடைசி வரியில் கிராபிக்ஸ் கார்டு: ஆர்டிஎக்ஸ் 3050, அதிலும் 6 ஜிபி. "மிச்சம் இருந்த காசுக்கு அதுதான் வந்துச்சு, மாமா" என்றான்.

பட்டியலை எழுதிய வரிசைதான் தப்பு. கேமில் ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது திரையில் ஓடும் ஒவ்வொரு தனிப் படத்தையும், வரைவது கிராபிக்ஸ் கார்டு. ஃபேன் விளக்குக்கு முதல் காசும் கார்டுக்கு மிச்சக் காசும் போனால், விளக்கு நன்றாக எரியும், கேம் திணறும்.

பட்டியலைத் திருப்பிப் போட உட்கார்ந்தபோது ஒவ்வொரு பொருளிடமும் இரண்டு கேள்வி கேட்டோம். இது ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டுமா? பிறகு காசு வரும்போது இதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா, இல்லை, இதைத் தொட்டால் கூடவே இன்னும் இரண்டு பொருள் போகுமா? கையில் காசு குறைவாக இருப்பவருக்கு இரண்டாவது கேள்விதான் பெரியது என்பேன். எஸ்எஸ்டி போதவில்லை என்றால் இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம். கார்டு பழசாகிவிட்டால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் போர்டு, பிராசஸர், சில சமயம் ராமும் சேர்ந்து கிளம்பிவிடும்.

மொத்தப் பணத்தை நூறு பங்காக வைத்துக்கொண்டால் கார்டுக்கு 35 முதல் 45 பங்கு வரை போகலாம். பிராசஸருக்கும் போர்டுக்கும் சேர்த்து 30-ஐத் தாண்டினால் எங்கேயோ கணக்கு பிசகுகிறது என்று அர்த்தம். இது என் கைக்கணக்கு, சட்டம் இல்லை.

மானிட்டர் என்ன கேட்கிறது?

கார்டுக்குள் போகுமுன் மேசைமேல் இருக்கும் மானிட்டரைப் பாருங்கள். 1080பி திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 83 லட்சம். புள்ளிகள் கூடக் கூட கார்டின் வேலையும் கூடும். பட்ஜெட் கம்ப்யூட்டருக்கு 1080பி போதும். 1440பி-க்கு ஆசைப்பட்டால் கார்டிலும் ஒரு படி ஏற வேண்டியிருக்கும்.

ஹெர்ட்ஸ் கணக்கும் உண்டு, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு ஃபிரேமை 16.7 மில்லிசெகண்ட் காட்டும், 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லிசெகண்ட். உங்களிடம் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், நொடிக்கு 200 ஃபிரேம் தரும் பிராசஸருக்குக் கொட்டும் காசில் பெரும்பகுதி உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. அந்தக் காசை 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் கொடுத்தால் முதல் நாளே வித்தியாசம் தெரியும். மானிட்டரும் பல வருடம் கூடவே இருக்கும்.

கார்டு: ஒரே பெயரில் இரண்டு பொருள்

அக்கா மகன் எழுதிவைத்த 3050-ஐயே எடுத்துக்கொள்வோம். 2022-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050-க்கு 8 ஜிபி நினைவகம், நினைவகத்துக்குப் போகும் 128 பிட் பாதை, கணக்குப் போடும் 2560 கூடா கோர். 2024-இல் அதே பெயரில் 6 ஜிபி கார்டு ஒன்று வந்தது. அதில் 96 பிட் பாதை, 2304 கோர். அட்டைப்பெட்டியில் பெரிதாகத் தெரிவது 'ஆர்டிஎக்ஸ் 3050' மட்டும்தான். நினைவகத்தைத் தவிர மற்ற குறைப்புகள் பெட்டியில் கண்ணில் படாது. 6 ஜிபி கார்டுக்கு ஒரே ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது இழுப்பது 70 வாட்தான், அதனால் தனிப் பவர் கேபிள் வேண்டாம். அந்தச் சிறப்பு யாருக்கு உதவும் என்பதற்குப் பின்னால் வருகிறேன். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கட்டுகிறவருக்கு உதவாது.

இந்த விலைத்தட்டில் 3050-க்கு நேர் போட்டி ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 2021-இல் வந்தது, 8 ஜிபி, 132 வாட். 1080பி-யில் 8 ஜிபி 3050-ஐ விட ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் ஃபிரேம் தரும். 6 ஜிபி 3050 இன்னும் பின்னால் நிற்கும். ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கில் மட்டும் 6600-இன் இந்த முன்னிலை சுருங்கும். ஆனால் 3050-இல் ரே டிரேசிங்கைப் போட்டுவிட்டு விளையாடுகிறவரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு படி மேலே போனால் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060. 7600-உம் 4060-உம் வேகத்தில் கிட்டத்தட்ட ஒன்று; முதலாவது 165 வாட் குடிக்கும், இரண்டாவது 115 வாட்டில் வேலையை முடிக்கும். 3060-இன் பலம் அதன் 12 ஜிபி நினைவகம், 192 பிட் பாதை. இங்கேயும் பெயர் விளையாட்டு உண்டு: 8 ஜிபி, 128 பிட்டில் இன்னொரு 3060 இருக்கிறது, தெளிவாக மெதுவானது. 3060 வாங்கினால் 12 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

8 ஜிபி போதுமா என்பதுதான் இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி. நினைவகம் நிரம்பினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் பதில் சுலபம். கார்டுக்குள் இடமில்லாத டெக்ஸ்சர்கள் (சுவர், தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படங்கள்) கம்ப்யூட்டரின் ராமில் போய் உட்காரும். தேவைப்படும்போது கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ வழியாக வரவேண்டும். அந்த வழி கார்டின் சொந்த நினைவகத்தோடு ஒப்பிட்டால் ஒற்றையடிப் பாதை. சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே காட்டும், ஆனால் தெருமுனை திரும்பும்போது படம் ஒரு நொடி உறையும். சில கேம்களில் உறையாது. சுவரின் டெக்ஸ்சர் மட்டும் மெழுகு மாதிரி குழைந்து நிற்கும். 1080பி-யில் டெக்ஸ்சர் அளவை ஒரு படி இறக்கினால் பெரும்பாலான கேம்களில் 8 ஜிபி இன்றும் ஓடுகிறது. கடைமட்ட விலையில் 8 ஜிபி வாங்குவதில் தப்பில்லை. நடுத்தர விலை கொடுத்து 8 ஜிபி வாங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2025-இல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகை இருக்கிறது. அந்த விலைக்கு வந்துவிட்டவர் 16-ஐ விட்டு 8-ஐ எடுத்தால், சேமித்த தொகையை அடுத்த கார்டில் கட்டவேண்டி வரும்.

இன்டெல் ஆர்க் பி580-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் வந்தது; 12 ஜிபி, 192 பிட், 190 வாட். எண்களைப் பார்த்தால் இந்தக் கூட்டத்தில் இதுதான் சிறந்த பேரம். ஆனால் இரண்டு நிபந்தனை. கார்டின் முழு நினைவகத்தையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்ட விடும் ரீசைசபிள் பார் வசதி போர்டில் இருந்து, அது ஆன் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் பலமாக அடிபடும். அடுத்து, அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பிராசஸரிடம் அதிக வேலை வாங்குகிறது. பழைய பிராசஸரோடு சேர்த்துச் சோதித்தவர்கள் எதிர்பார்த்த வேகம் வரவில்லை என்று கண்டார்கள்; ரைசன் 5 5600-உடன்கூடச் சில கேம்களில் சறுக்கியது. காசு குறைந்த கம்ப்யூட்டருக்காகச் செய்த கார்டு, காசு குறைந்த பிராசஸரோடு ஒத்துப்போகவில்லை. புது பிராசஸரோடு கட்டுகிறவருக்கு நல்ல கார்டு. பழைய பெட்டியில் கார்டை மட்டும் மாற்றுகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

தவிர்க்க வேண்டிய கார்டு என்றால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 ஜிபி நினைவகம் என்பதே போதும், ஆனால் அதைவிட மறைவான குறை ஒன்று உண்டு. அது பிசிஐஇ-யில் நான்கு லேன் (தரவு ஓடும் தடம்) மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 போர்டில் ஒப்பேற்றிவிடும். பட்ஜெட் ஆள் வைத்திருக்கும் பழைய 3.0 போர்டில் அந்த நான்கு லேனின் வேகமும் பாதியாகும், கேமில் அடி பலமாக விழும். 6600, 7600, 4060 ஆகியவை எட்டு லேன் கார்டுகள், 3.0 போர்டில் போட்டாலும், நினைவகம் நிரம்பாத வரை, சிறு இழப்போடு தப்பிவிடும்.

படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் வித்தைகளும் கணக்கில் வர வேண்டும். 1080பி திரையில் டிஎல்எஸ்எஸ்-ஐ 'குவாலிட்டி'யில் வைத்தால் கார்டு உள்ளே வரைவது 720பி படம்தான். அவ்வளவு சிறிய படத்தைப் பெரிதாக்கும்போது என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் சுத்தமாகச் செய்கிறது. ஏஎம்டியின் பழைய எஃப்எஸ்ஆர்-இல் கம்பி வேலி, இலை, தலைமுடி எல்லாம் மினுங்கும். எஃப்எஸ்ஆர் 4 இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்துவிட்டது, ஆனால் ஏஎம்டி அதை ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்று கொண்டுவந்தது. ஆக, 7600-உம் 4060-உம் ஒரே விலையில் கிடைத்தால் நான் 4060-ஐ எடுப்பேன். 7600 நன்றாகவே மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுப்பேன்.

செகண்ட் ஹேண்ட் கார்டு

இங்கேதான் ஒரு ரூபாய்க்கு அதிக ஃபிரேம் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கிரிப்டோ நாணயம் தோண்ட ஓட்டிய சுரங்கக் கார்டு என்ற பயம் பலருக்கு. அப்படித் தோண்டிய நாணயமான எத்தீரியம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றியதோடு கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் பல கை மாறிவிட்டன. அப்படி ஓடியதாலேயே சில்லு கெட்டுப்போகும் என்று சொல்ல முடியாது. ஃபேன் தேய்ந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், இரண்டையும் சரிசெய்யலாம்.

வயதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் போன்றவை வேகமிருந்தும் அந்த வாசலில் நிறுத்தப்படும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் வருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. எனவே பழைய கார்டு வாங்கினால் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து, ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்து தேடுங்கள். 12 ஜிபி ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி நல்ல நிலையில் கிடைத்தால் 1440பி-க்கே போதும். 230 வாட் இழுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கும்போது ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டச் சொல்லி, வெப்பம் எங்கே நிற்கிறது, ஃபேன் எப்படிக் கத்துகிறது, திரையில் புள்ளி தெறிக்கிறதா என்று பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் கோர் எண்ணிக்கையையும் பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304 கோர் கார்டும் உண்டு, 2048 கோர் கார்டும் உண்டு. பின்னது உள்ளுக்குள் 570.

பிராசஸர்: மூன்று பாதை

வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றில் ஃபிரேமைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசஸர். சைபர்பங்க் 2077 போன்றவற்றில் கார்டு. உங்கள் கேம் எந்த ரகம் என்று தெரிய வேண்டுமானால் ஒரு சுலபமான சோதனை: கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் ஏறினால் அதுவரை தடுத்தது கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸர்.

முதல் பாதை ஏஎம்டியின் பழைய சாக்கெட்டான ஏஎம்4. ரைசன் 5 5600: ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 32 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்). அதன் பக்கத்திலேயே கொஞ்சம் மலிவாக 5500 இருக்கும். பெயரில் நூறுதான் குறைவு, உள்ளே கேஷ் பாதி, பிசிஐஇ-யும் 3.0-க்கு இறங்கிவிடும். நான்கு லேன், எட்டு லேன் கார்டுகளைப் பற்றி மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். விலை வித்தியாசம் ஒரு நல்ல மவுஸின் விலைகூட இருக்காது என்றால் 5600-தான். போர்டு பி550 என்றால் பிசிஐஇ 4.0 கிடைக்கும், பி450, ஏ520 இரண்டிலும் கார்டுக்கு 3.0-தான். இந்தச் சாக்கெட்டில் மேலே ஏறும் படி 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி வரை. 96 எம்பி கேஷ் இருப்பதால் கேமில் பெரிய தாவல். ஆனால் அவற்றை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு இந்தப் பாதை முடிகிறது.

இரண்டாவது, இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட். ஐ5 12400எஃப்-உம் 5600-உம் கேமில் தோளோடு தோள் நிற்கும். எது மலிவோ அது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பழைய தலைமுறை ராமான டிடிஆர்4-க்கான போர்டு, புதிய தலைமுறையான டிடிஆர்5-க்கான போர்டு இரண்டுமே கிடைப்பது இந்தப் பாதையின் வசதி. இன்னும் கீழே ஐ3 12100எஃப்: நான்கு கோர்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் வேகம். போட்டி கேம்களுக்குப் போதும். புதிய பெரிய கேம்களில் பின்னணியில் பிரவுசரும் டிஸ்கார்டும் திறந்திருந்தால் திக்கும். மிகவும் இறுக்கமான பட்ஜெட்டில் 12100எஃப் வாங்கி, மிச்சத்தைக் கார்டில் போட்டு, ஓரிரு வருடத்தில் அதே போர்டில் செகண்ட் ஹேண்ட் ஐ5 ஒன்றை ஏற்றுவது கெட்டிக்காரத்தனமான வழி. மலிவான எச்610 போர்டில் ராமுக்கு இரண்டு இடம்தான், பவர் பகுதியும் சிக்கனமாகவே இருக்கும். அதில் பெரிய ஐ7-ஐ ஏற்றும் கனவை வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சாக்கெட்டும் 14-ஆவது தலைமுறையோடு முடிந்துவிட்டது.

மூன்றாவது, ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5. ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. இவை 5600-ஐ விடத் தெளிவாக வேகம். அதைவிட முக்கியம், 2027-க்கும் அப்பால் வரை இந்தச் சாக்கெட்டுக்குப் பிராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7500எஃப் போட்டவர் நாளை போர்டைத் தொடாமல் 9800எக்ஸ்3டி-க்குப் போகலாம். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் போதும்.

அப்படியானால் நான் சொன்ன இரண்டாவது கேள்வியின்படி எல்லாரும் ஏஎம்5-தானே எடுக்க வேண்டும்? இங்கேதான் ராம் குறுக்கே வருகிறது. ஏஎம்5-க்கு டிடிஆர்5 கட்டாயம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. டிடிஆர்4-உம் தப்பவில்லை, ஆனால் பழைய டிடிஆர்4 பலர் வீட்டு அலமாரியில் தூங்குகிறது. கையில் ஒரு ஜோடி இருந்தாலோ தெரிந்தவரிடம் கிடைத்தாலோ ஏஎம்4-க்கும் ஏஎம்5-க்கும் உள்ள விலை இடைவெளி ஒரு கார்டுப் படியையே தாண்டிவிடும். அந்த இடைவெளியில் 6600-இலிருந்து 4060-க்கு ஏற முடியும் என்றால், இன்றைய ஃபிரேமுக்காக ஏஎம்4. ஏற முடியாது, இடைவெளி சிறிது என்றால், நாளைய வசதிக்காக ஏஎம்5. வாங்கும் நாளில் இரண்டு கூட்டலையும் தாளில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

கார்டே இல்லாமல் தொடங்கினால்?

கார்டை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன், இப்போதைக்குப் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் போதும் என்பவர்களுக்கு ரைசன் 5 8600ஜி. அதற்குள் இருக்கும் ரேடியான் 760எம் கிராபிக்ஸ், 1080பி-யில் போட்டி கேம்களைக் குறைந்த செட்டிங்ஸில் நன்றாகவே ஓட்டும். பெரிய கேம்களை 720பி-க்கு இறக்க வேண்டியிருக்கும். விலை குறைவென்று 8500ஜி பக்கம் போனால் ஒரு பொறி இருக்கிறது: பிறகு செருகப்போகும் கார்டுக்கு அது கொடுப்பது நான்கே லேன். 8600ஜி எட்டு கொடுக்கும். அப்புறம் கார்டு போடுவதுதான் திட்டம் என்றால் 8500ஜி அந்தத் திட்டத்தையே வெட்டுகிறது. ஏஎம்4-இல் 5600ஜி உண்டு, ஆனால் அதன் வேகா கிராபிக்ஸ் இப்போது மூச்சுவாங்குகிறது.

இந்த வகையில் ராம் ஒற்றையாக இருக்கவே கூடாது. கிராபிக்ஸுக்கும் அதே ராம்தான் நினைவகம். ஒன்றைக் கழற்றிவிட்டால் பாதை பாதியாகும், கேமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் படுக்கும்.

இன்னொரு வழி, அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய டெஸ்க்டாப்பில் ஒரு கார்டைச் செருகுவது. மேலே 6 ஜிபி 3050-க்கு ஒரு தனிச்சிறப்பு என்றேனே, அது இங்கேதான் வேலைக்கு ஆகும். அந்தப் பெட்டிகளின் பவர் சப்ளையில் பெரும்பாலும் கார்டுக்கான கேபிளே இருக்காது. மதர்போர்டின் ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் கார்டு அடங்க வேண்டும். பெட்டி ஒடுக்கமான ரகம் என்றால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும். பவர் சப்ளையின் அளவும் இணைப்பும் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரியதாக இருப்பதால் வெளியில் வாங்கி மாற்றுவதும் கஷ்டம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெட்டியை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11 அதை அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 11-இல் வாலரன்ட்டுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதியும் வேண்டும். இவ்வளவையும் தாண்டி ஒரு பெட்டி தேறினால் அதைவிட மலிவான கேமிங் கம்ப்யூட்டர் கிடையாது. பிறகு அதை வளர்க்கத்தான் வழியிருக்காது.

ராம், எஸ்எஸ்டி

16 ஜிபி, எட்டு எட்டாக இரண்டு. டிடிஆர்4 என்றால் வேகம் 3200, தாமதத்தைக் குறிக்கும் எண் சிஎல்16. டிடிஆர்5 என்றால் ஏஎம்5-க்கு 6000, சிஎல்30. 32 இருந்தால் நல்லது, இன்றைய விலையில் வற்புறுத்தமாட்டேன். ராமை நான்கு இடமுள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். வாங்கிய வேகம் தானாக வராது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ஒரு வரியை ஆன் செய்ய வேண்டும். 3200 ராமை இரண்டு வருடம் 2133-இல் ஓட்டிக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியும். அது நான்தான்.

எஸ்எஸ்டியில், பிசிஐஇ வழியில் ஓடும் என்விஎம்இ ரகத்தில் 1 டிபி எதுவாக இருந்தாலும் சரி. 3500 எம்பி வேகத்துக்கும் 7000 எம்பி வேகத்துக்கும் கேம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் ஓரிரு நொடி. உள்ளிருக்கும் சில்லு வகையில், முடிந்தால் கியூஎல்சி வேண்டாம், டிஎல்சி பாருங்கள். மேலே போவோம்.

பவர் சப்ளை

இதில்தான் நான் சூடுபட்டிருக்கிறேன். பல வருடத்துக்கு முன் கேபினட்டோடு இலவசமாக வந்த '500 வாட்' பெட்டி ஒன்றை வைத்துக் கட்டினேன். கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். விண்டோஸை மறுபடி போட்டேன், ராமை மாற்றிப் பார்த்தேன், கார்டைத் திட்டினேன். மூன்று வாரம் கழித்துத்தான் பவர் சப்ளையைக் கழற்றி அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தேன்.

அந்த ஸ்டிக்கரில் ஒரு அட்டவணை இருக்கும். 3.3, 5, 12 வோல்ட் என்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆம்பியர். கார்டும் பிராசஸரும் குடிப்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட் கட்டத்திலிருந்து. அங்கே எழுதியிருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். என் பெட்டியில் 25 ஆம்பியர் என்றிருந்தது. 300 வாட்! மீதி 200 வாட், இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் சீந்தாத மற்ற கட்டங்களில் தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல 550 வாட் சப்ளையில் அந்தக் கட்டத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வாட்.

80 பிளஸ் முத்திரை தரத்துக்கான சான்று என்று பலரும் நினைக்கிறார்கள். அது அளப்பது மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டும். வெண்கல முத்திரை என்றால் பாதிச் சுமையில் 85 சதவீதம், தங்கம் என்றால் 90. மின்னழுத்தம் ஆடாமல் நிற்குமா, ஏதாவது ஷார்ட் ஆனால் தானாக அணையுமா என்பதை அது சொல்லாது. அதற்கு வாரன்டி வருடத்தைப் பாருங்கள். ஐந்து வருடம் கொடுக்கும் பொருளை ஒரு வருடம் கொடுக்கும் பொருளை விட நம்புகிறேன். 5600-உம் 6600-உம் சேர்ந்த கம்ப்யூட்டர் முழு மூச்சில் ஓடினாலும் 300 வாட்டைத் தொடுவது அரிது. நல்ல 550 போதும், அடுத்த கார்டுக்கும் இடம் இருக்கும். 650 அதே விலைக்கு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மட்டமான 750-ஐ விட நல்ல 550 எவ்வளவோ மேல்.

கேபினட்டில் முன்பக்கம் வலையாக இருக்கட்டும், கண்ணாடியாக வேண்டாம். முன்னால் காற்றை இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் தள்ள ஒன்று. 5600, 12400எஃப் இரண்டுக்கும் பெட்டியில் வரும் கூலரே போதும், கொஞ்சம் சத்தம் போடும். தண்ணீர்க் கூலர் இந்தக் கணக்கில் வரவே வராது.

கடைசியில் அக்கா மகனின் தாளில் மிஞ்சியது: ரைசன் 5 5600, பி550 போர்டு, என் அலமாரியிலிருந்து எட்டு எட்டாக ஒரு ஜோடி டிடிஆர்4, ஆர்எக்ஸ் 7600, 1 டிபி எஸ்எஸ்டி, 550 வாட் சப்ளை, வலை முகப்புக் கேபினட். அவனுடைய முதல் பட்டியலின் மொத்தத் தொகையை விட இது கொஞ்சம் குறைவு. கார்டு இரண்டு படி மேலே.

அவனே உட்கார்ந்து மாட்டினான். இரவு பத்து மணிக்குப் போன்.

"மாமா, ஃபேன் எல்லாம் சுத்துது. ஸ்கிரீன் மட்டும் வரவே இல்ல."

"மானிட்டர் கேபிளை எங்கடா செருகியிருக்க?"

"மதர்போர்டுலதான், மேல ஒரு ஓட்டை இருக்குல்ல."

5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்த ஓட்டைக்குள் படம் வர வழியே இல்லை. கீழே கார்டில் செருகச் சொன்னேன். வந்துவிட்டது. வைக்கப்போனவனைப் பிடித்துவைத்து பயாஸில் எக்ஸ்எம்பியைத் தேடச் சொன்னேன். 2133 என்று காட்டிக்கொண்டிருந்தது.